நான்காம் பிரிவுக்குப் பூஜ்யம்

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி.
இரவு ஒன்பது நாற்பது.
திருவாரூர் தலைமை அலுவலகத்தின் சர்வர் அறையில்
நானும் ஏசியும் மட்டும் விழித்திருக்கிறோம்.
தலைஞாயிறு சங்கத்திலிருந்து முருகையன்
ஏழாவது தடவையாகக் கூப்பிடுகிறார்:
"சுத்திக்கிட்டே இருக்கு மேடம்.
வெளியில அறுபது பேரு,
அடங்கலையும் சிட்டாவையும் நனையாம
சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிறேன்.
அடாப்டர் ஒன்று. போர்ட் ஒன்று.
எனக்கு முன்னால் இருந்த யாரோ
அதை நான்காக வகுந்திருக்கிறார்கள்.
உள்ளே வருவது ஒரே கம்பிதான்;
தனக்கு நான்கு கார்டு செருகியிருப்பதாக
சர்வருக்கு நினைப்பு.
பெயரும் வைத்திருக்கிறார்கள்,
சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல்:
அரசலாறு
வெட்டாறு
ஓடம்போக்கி
அரிச்சந்திரா.

அரசலாற்றில் பேக்கப் ஓடுகிறது, குறைந்தபட்சம் நாற்பது சதவீதம்.
வெட்டாற்றில் கேமராக்கள், நாற்பது.
ஓடம்போக்கியில் சேமிப்புக் கணக்கு, இருபது.
கூட்டினால் நூறு வந்தாக வேண்டும்.
தொண்ணூற்றொன்பதையும் ஏற்காது, நூற்றொன்றையும் ஏற்காது.
காப்பீடு ஓடும் அரிச்சந்திராவுக்குக்
குறைந்தபட்சம்: பூஜ்யம்.
அதிகபட்சம் மட்டும் தாராளமாக நூறு.
அதாவது, மேலே எல்லோரும் குடித்துக் கை கழுவிய பிறகு
மிச்சம் இருந்தால் அத்தனையும் உனக்கே.

வைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன்.
வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள்
மிச்சம் இருக்கத்தான் செய்தது.

இன்று பேக்கப் சீக்கிரமே எழுந்துவிட்டது.
பதினாறு கேமராக்களில் ஒன்று
பொது மேலாளரின் காலி நாற்காலியை
ரெக்சின் கிழிசல் வரை துல்லியமாக
எங்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறது.

மாற்ற எனக்கு அனுமதி இல்லை.
அனுமதி தருபவரின் போன் அணைந்திருக்கிறது.
நான்கையும் ஒரே வரியில் எழுத வேண்டும்,
ஒன்றைத் தனியாக உயர்த்தினால் கூட்டல் இடறும்.
பத்து, பத்து, இருபது, எழுபது.
என்டர்.
சிவப்பில் ஒரு வரி: மொத்தம் நூற்றுப்பத்து.
ஆத்திரத்தில் நானும் கணக்கை மீறியிருக்கிறேன்.
பத்து, பத்து, இருபது, அறுபது.
இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது.
கீழே மட்டும்:
மறுதொடக்கத்துக்குப் பின் அமலாகும்.

"முருகையன், பதினோரு நிமிஷம் சுத்தமா நின்னுடும்."
"இப்ப மட்டும் ஓடுதாக்கும்?"

நிறுத்தினேன்.
விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்க
மழை அறைக்குள் வந்துவிட்டது போலக் கேட்டது.
காவலர் காத்தமுத்து கதவைத் தட்டி
கரண்டு போயிடுச்சா என்றார்.
இல்லை, நான்தான் என்றேன்.
அவர் ஏதும் கேட்காமல் டார்ச்சை அணைத்துவிட்டுப்
படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

பத்து பதின்மூன்றுக்குப் பச்சை மினுங்கியது.
பட்டியலை மறுபடி கேட்டேன்.
நான்காவது வரியில் அறுபது.
கண்ணால் பார்த்தும் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டேன்.
அதற்குள் போன்.

"வந்துடுச்சு."
அவ்வளவுதான் சொன்னார்.
அவருக்குப் பின்னால் அந்தச் சொல்
வாசல் வரைக்கும் வாய் மாறிப் போவது கேட்டது,
வந்துடுச்சு, வந்துடுச்சு என்று,
முறை வைத்துத் திறந்த நாளில்
மடைக்கு மடை முன்னால் ஓடுகிற அதே சொல்.

பன்னிரண்டுக்குத் தளம் மூடியது.
ஐம்பத்து நான்கு பேர் பதிந்திருந்தார்கள்.
ஆறு பேர் இல்லை.
அந்த ஆறை எந்தப் பிரிவில் கூட்டுவதென்று தெரியாமல்
விளக்கை அணைத்தேன்.

காலையில் மேசைமேல் ஒரு குறிப்பாணை.
இரவு 10.02 முதல் 10.13 வரை
மேலாளர் அறை நாற்காலி பதிவில் தெரியவில்லை.
திருமதி அமலோற்பவம் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.

எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
ஐயா,
அரிச்சந்திராவுக்குப் பூஜ்யம் என்றிருந்தது.